கேள்விக்கு அடையாளம் இல்லாத மொழி

அன்புள்ள ஐயா,

உலகிலேயே மிக விசித்திரமான மொழி மெக்சிகோவின் 'சல்கதோங்கோ மிக்ஸ்டெக்' என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதில் கேள்வி கேட்கவே வழியில்லையாம். நமக்கு ஓர் 'ஆ' போதும். இதை வளர்ச்சியடையாத மொழி என்று கொள்ளலாமா?

செல்வி, கும்பகோணம்

அன்புள்ள செல்வி,

வேண்டாம். யார், என்ன, எங்கே எல்லாம் அங்கேயும் உண்டு. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு மட்டும் தனி அடையாளம் கிடையாது. 'வந்தான்', 'வந்தானா' இரண்டுக்கும் ஒரே வாக்கியம்; குரலும் ஏறாது. மொழியியல் அட்லஸ் ஒன்றில் இந்த விஷயத்துக்காக 955 மொழிகளை ஒப்பிட்டார்கள். இப்படி இருந்தது இது ஒன்றுதான்.

குரலின் ஏற்ற இறக்கம் அங்கே சொல்லுக்கே சொந்தம். சல்கதோங்கோவுக்குப் பக்கத்து ஊரான சான் மிகேல் எல் கிராந்தேயில் 'யுகு' என்று சமமாகச் சொன்னால் மலை. கடைசி அசையைத் தாழ்த்தினால் புதர். ஆனால் இதையே முழுக் காரணமாக்கிவிட முடியாது. சீனமும் அப்படிப்பட்ட மொழிதான், அது கடைசியில் ஒரு 'மா' போட்டுக் கேட்டுவிடுகிறது. பிறகு எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? 'உங்களுக்குப் பல் வலிக்கிறது' என்று உங்களிடமே நான் சொன்னால் அது செய்தியாக இருக்க முடியுமா? கேள்விதானே.

'விசித்திரம்' என்ற பட்டம் 2013இல் வந்தது. ஓர் அமெரிக்க நிறுவனம் 239 மொழிகளை எடுத்து, எதில் அரிய கூறுகள் அதிகம் என்று கணக்குப் போட்டது. இது முதலிடம், இந்தி கடைசி. (இந்தி பேசுகிறவர்கள் இதற்கு மகிழ வேண்டுமா என்று தெரியவில்லை.) அரிதாக இருப்பதும் குறைபாடும் ஒன்றல்ல.

எனக்கு அந்த மொழியில் பிடித்தது வேறு. மலை உச்சியில் என்பதற்கு 'மலையின் தலை' என்கிறார்கள். மேசைக்கு அடியில் என்றால் 'மேசையின் வயிறு'. கூரைமேல் என்றால் வீட்டின் முதுகு, அதுவும் மனித முதுகல்ல, நாலுகால் பிராணியின் முதுகு! ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் அடுக்கும் சொற்களிலும் கண், கால், தலை உண்டு. நமக்கு அது பழகிப்போனதால் விசித்திரமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

'மிக்ஸ்டெக்' என்பது மெக்சிகோவின் இன்னொரு பூர்வகுடி மொழியான நாவாட்ல் பேசுகிறவர்கள் வைத்த பெயர். மிக்ஸ்டெக்காரர்களே சொல்லிக்கொள்வது 'மழையின் மொழி' என்று. வஹாகா மாநில மலைகளிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் பேசுகிறார்கள். மெக்சிகோ அரசின் 2008ஆம் ஆண்டுப் பட்டியல் இதில் 81 வகைகளைக் கணக்கிடுகிறது. சல்கதோங்கோ ஒரு மலையூரின் பேச்சு மட்டுமே. தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள் பேசினால் பல சமயம் புரியாது.

பிழைப்புக்காக இவர்களில் ஏராளமானோர் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களுக்குப் போயிருக்கிறார்கள். மெக்சிகோக்காரர் என்றதும் ஆஸ்பத்திரியில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு அதுவும் அந்நிய மொழி. மிக்ஸ்டெக் தெரிந்தவரே வந்தாலும், எந்த ஊர் மிக்ஸ்டெக் என்றுதான் முதலில் கேட்டாக வேண்டும்.