வெயில் அடிக்கும் இடத்தில் மின்னல் தாக்குமா?

தாக்கும். இடிமேகம் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சில மின்னல்கள் மேகத்தின் பக்கவாட்டில் வெளியேறி, 15 கிலோமீட்டருக்கு மேலும் கிடையாக ஓடி, வானம் வெளுத்திருக்கும் இடத்தில் இறங்கும். மழை இல்லையே என்று அங்கே நிற்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

அப்புறம், மேகத்துக்குள்ளேயே படர்கிற ராட்சத மின்னல்கள் தனி ரகம். 2017 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் கிழக்கு டெக்சாஸிலிருந்து கன்சாஸ் சிட்டி அருகே வரை ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் ஓடியது! செயற்கைக்கோள் பதிவுகளை மறுபடி அலசிய பிறகே இது தெரிந்தது. உலக வானிலை அமைப்பு 2025-ல் சாதனையாக அறிவித்தது. புயல்கூட்டத்தின் பின்னால் பாய் விரித்ததுபோல் பரவிக்கிடக்கும் மேகப்படலத்தில் மின்னேற்றம் அவ்வளவு தூரம் சேர்ந்திருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்வது? இடிச்சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.