மேலூர் வாய்க்காலுக்கும் பசிபிக் கடலுக்கும் என்ன தொடர்பு? – கேள்வி-பதில்

மதுரை ஜங்ஷன் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரம் எழுதியிருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே கடலே 100 மீட்டர் பள்ளமாக இருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் எந்தக் கடலிலிருந்து அளந்தார்கள்? – கல்லூரி மாணவி, தல்லாகுளம்

அருமையான கேள்வி. நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் அலையேற்றத்தை அளந்து, அந்தச் சராசரியைத்தான் 1909-இல் இந்தியாவின் உயர அளவுகளுக்கு அடிப்படையாக வைத்தார்கள். நீங்கள் படித்த பள்ளமும் உண்மைதான். பூமியை வழவழப்பான நீள்வட்டக் கோளமாக வைத்துக் கணக்கிட்டால், அந்த இடத்தில் கடல் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு என்பதே காரணம். ஆனால் கப்பலில் போகிறவருக்கு இறங்குவதே தெரியாது, தண்ணீரும் அங்கே பாய்ந்து சேராது. தூக்குக்குண்டு தொங்கும் திசைக்கு அந்த நீர்ப்பரப்பு எங்கும் செங்குத்தாகவே இருப்பதால், நீரைப் பொறுத்தவரை அது சமதளம். இந்த 106 மீட்டரைக் கழித்துவிட்டு மிஞ்சும் சில பத்து சென்டிமீட்டர் மேடுபள்ளம்தான் நீரோட்டங்களைத் தீர்மானிக்கிறது.

அந்தச் சென்டிமீட்டர் கணக்கை விண்ணிலிருந்து எப்படி அளக்கிறார்கள்? கடலில் அலை அடித்துக்கொண்டே இருக்குமே! – வாசகர், திருமங்கலம்

செயற்கைக்கோளிலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரி என்பதால் அலைகள் கணக்கில் அடிபட்டுப்போகும். 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள் 1,336 கி.மீ. உயரத்திலிருந்து இதைச் செய்தது. 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இதே வேலைக்குப் போன சரல் செயற்கைக்கோள், இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து அனுப்பியது. உண்மையான தலைவலி காற்றிலுள்ள ஈரப்பதம். அது துடிப்பைத் தாமதப்படுத்தும். வெப்பமண்டலக் கடல்மேல் அந்தத் தாமதத்தால் மட்டுமே 30 செ.மீ. வரை பிழை வரலாம். அதனால் ஈரப்பதத்தை அளக்கவும் செயற்கைக்கோளில் தனிக் கருவி வைக்கிறார்கள்.

எல் நினோ என்று டிவியில் சொன்னாலே பயமாக இருக்கிறது. எங்கோ பசிபிக்கில் கடல் சூடானால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறையுமா? – ஒருபோக விவசாயி, மேலூர்

குறைய வாய்ப்புண்டு, ஐயா. ஆனால் உங்கள் ஊருக்கு வரும் இரண்டு மழைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வழக்கமான ஆண்டுகளில் பசிபிக்கில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசும். பலத்த காற்றில் கண்மாய்த் தண்ணீர் ஒரு கரையில் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல வெதுவெதுப்பான நீர் இந்தோனேசியப் பக்கம் குவிந்து, பெரு நாட்டுக் கரையைவிட அங்கே கடல் ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். காற்று தளர்ந்தால் அந்தக் குவியல் நிலநடுக்கோட்டை ஒட்டியே கிழக்கு நோக்கிக் கிளம்பும். இதைக் கெல்வின் அலை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த அலையின் உயரம் சில சென்டிமீட்டர்கள்தான். பசிபிக்கைக் கடக்க அதற்கு இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். 1997-இல் பெரும் எல் நினோ கிளம்பியபோது டோபெக்ஸ் இதைத் தெளிவாகப் பிடித்தது.

சூடான நீர் கிழக்கே நகர்ந்தால் மேகம் திரளும் இடமும் நகரும். அப்போது நமது தென்மேற்குப் பருவமழை பலவீனப்படும் போக்கு உண்டு. பெரியாறு அணை நம்பியிருப்பது முக்கியமாக அந்த மழையைத்தான். பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்து, அங்கிருந்து உங்கள் வயலுக்கு வர வேண்டும். ஆகவே உங்கள் கவலை நியாயமானது.

வடகிழக்குப் பருவமழை நேர்மாறு. எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அது கூடும் போக்குண்டு. 2015-இல் சென்னை மூழ்கியது நினைவிருக்கும். ஆனால் இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016, 2021 இரண்டிலும் வடகிழக்குப் பருவமழையின்போது எல் நினோ இல்லை. 2016-இல் மழை பொய்த்தது, 2021-இல் கொட்டித் தீர்த்தது.

நம் இந்தியப் பெருங்கடலும் சும்மா இருப்பதில்லை, அதன் போக்கும் நம் மழையைப் பாதிக்கும். அக்டோபர், நவம்பரில் நிலநடுக்கோட்டை ஒட்டி ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சுமத்ராவுக்கு வலுவான நீரோட்டம் ஒன்று ஓடும். சில ஆண்டுகளில் எதிர்க்காற்று அதை முடக்கிவிடும். சுமத்ரா பக்கம் கடல் தாழ்ந்து குளிரும். மேற்கே உயர்ந்து சூடாகும். 1999-இல் அடையாளம் கண்ட இந்த இருமுனைப் போக்கு 2019-இல் மிகத் தீவிரமாக இருந்தது.

எனவே எல் நினோ செய்தியை மட்டும் நம்பி நாற்று விடுவதையோ நிலத்தைத் தரிசு போடுவதையோ முடிவு செய்யாதீர்கள். ஆகஸ்ட் இறுதியில் பெரியாறு, வைகை இரண்டின் நீர் இருப்பைப் பாருங்கள். அதோடு இந்தியப் பெருங்கடல் பற்றி வானிலைத் துறை என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்.

பாம்பனில் கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டிய படம் வாட்ஸப்பில் வந்தது. சுனாமி அறிகுறியா? – இல்லத்தரசி, கே.கே.நகர்

பெரும்பாலும் இல்லை. பாக் நீரிணையை ஒட்டிய கடல் ஆழம் குறைந்தது, தரைச்சரிவும் மிகக் குறைவு. நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினாலே நீண்ட தூரத்துக்கு மணல் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றமும், கரையிலிருந்து தள்ளும் காற்றும் சேர்ந்தால் போதும். கிழக்குக் கரையில் மார்ச்சை ஒட்டிக் கடல் மட்டமே தாழ்ந்திருக்கும், ஐப்பசி, கார்த்திகையில் உயரும். இதெல்லாம் மணிக்கணக்கில் மெதுவாக நடப்பது. சுனாமிக்கு முன் சில நிமிடங்களில் கடல் பின்வாங்கலாம். அப்படி ஒன்றை நேரில் கண்டால் படமெடுக்க நிற்காதீர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

கடலின் மேடுபள்ளத்தை வைத்து மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியுமா? – மீன் வியாபாரி, மாட்டுத்தாவணி

ஓரளவு முடியும். கடல் தாழ்ந்த இடத்தில் நீர் உள்ளே கொட்டாமல், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நம் பக்கத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும். நடுவில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலேறும். மிதவை உயிரிகள் பெருகும். மீன் தேடி வரும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்குத் தரும் அறிவிப்பு முக்கியமாகக் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்தது. மேகம் மறைத்தால் அந்தப் படங்கள் கிடைக்காது. ரேடாருக்கு மேகம் தடையில்லை என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் நம் கரைக்கு அந்த அறிவிப்பு வராது.