டைனோசரின் பொடுகு

அன்புள்ள சார்,

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன் கையாலை இடுக்கில் பாம்புச் சட்டையைப் பார்த்துவிட்டு, டைனோசரும் இப்படி உரிக்குமா என்கிறான். உரித்திருந்தால் அந்தச் சட்டை ஒரு வீட்டையே மூடியிருக்காதா? பக்கத்தில் கோழிக்கூடு இருப்பதால் பயந்து அதை எரித்துவிட்டோம். எல்லாம் சினிமா செய்கிற வேலையோ? படிப்பு கெடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சினிமாவை விடுங்கள். படிப்பு கெடுமா என்பதையும் விடுங்கள், எரிச்சலாக வருகிறது. ஆனால் அந்தச் சட்டையை ஏன் எரித்தீர்கள்? பாம்பு எப்போதோ போய்விட்டது. பையன் கையில் கொடுத்திருக்கலாம்.

வீட்டை மூடும் சட்டை எல்லாம் கிடையாது. பாம்பும் பல்லியும் டைனோசருக்குத் தூரத்துச் சொந்தம். இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் முதலையும் பறவையும்தான். முதலைக்குச் செதில் செதிலாக உதிரும், பறவைக்குப் பொடுகாக. 2018இல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீனாவில் கிடைத்த மைக்ரோராப்டர் போன்ற இறகு டைனோசர்களின் புதைபடிவத்தில், ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுப் பழைய பொடுகையே கண்டார்கள். அதன் செல்களில் கெரட்டின், அதாவது நம் நகத்திலும் முடியிலும் இருக்கிற புரதம், நெருக்கமாக அடைந்திருந்தது. இன்றைய பறவைகளின் தோல் செல்களில் கொழுப்பும் உண்டு, பறக்கும்போது ஏறும் சூட்டை வெளியேற்ற அது உதவும். அந்த டைனோசர் பொடுகில் கொழுப்பு இல்லை. அதனால் உடம்புச் சூடு இன்றைய பறவைகளைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்கிறார்கள். பொடுகை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல!

அப்புறம், உங்களிடம்தான் கோழி இருக்கிறதே. அதைப் பார்த்தீர்களா? திருவட்டாறில் அம்மா வளர்த்த கோழி ஒன்றுக்கு ஒரு வருஷம் கழுத்துத் தூவல் எல்லாம் கொட்டி, முட்டையும் நின்றுபோனது. சீக்குக் கோழி, சட்டியில் போடு என்றார் அப்பா. "அதுக்கு ஒரு எளவும் இல்ல, புதுத் தூவல் வருது" என்று அம்மா கருவாட்டுத் தலையை இடித்துப் போட்டாள். எந்தப் புத்தகமும் படிக்காதவள். இறகும் பெரும்பாலும் புரதம், முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யக் கோழிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் முட்டையை நிறுத்திவிட்டு இறகைப் பார்க்கும். மைக்ரோராப்டரும் சிறகின் இறகுகளை மொத்தமாகக் கொட்டாமல் முறைவைத்து மாற்றியது என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. டைனோசர் வழிவந்த ஒன்று உங்கள் முற்றத்தில் சீய்த்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

பையனிடம் கூட்டைப் பெருக்கும் வேலையைக் கொடுங்கள். உதிர்ந்த இறகை அவன் எடுத்து வைத்தால் குப்பை என்று திட்டாதீர்கள். அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும், எழுத்துப்பிழையோடு வந்தாலும் சரி.