தனியாகச் செய்த திகில் விளையாட்டின் டெமோவை வெளியிட்டேன், ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் கேட்டு மாற்றுவது?

டெமோவை ஏற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, புதிதாக ஏதாவது கருத்து வந்திருக்கிறதா என்று போனைத் தடவியிருப்பீர்கள். "பயமே வரல" என்று ஒருத்தர், "ஒரே இருட்டு" என்று இன்னொருத்தர், "ஆமை மாதிரி நடக்குது" என்று மூன்றாமவர். வீட்டில் சொல்லி அழவும் முடியாது. "இதுக்குத்தான் பேங்க் பரீட்சை எழுதுன்னு சொன்னோம்" என்பார்கள். தப்பாக ஊகித்திருந்தால் விட்டுவிடுங்கள், என் கதையை உங்கள் தலையில் கட்டுகிறேன் போலிருக்கிறது.

நான் பெரிய ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பகலில் ஜெராக்ஸ் கடை, பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. அப்பா பெயரில் பத்து மா நிலம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளையாட்டு செய்ய உதவும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில் என் விளையாட்டு. மூன்று வருஷத்தில் வெளியே வந்தது இருபத்தைந்து நிமிஷ டெமோ ஒன்று, அவ்வளவுதான். "நீ எத்தனை காப்பி விற்றாய்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: பூஜ்யம். டெமோ இலவசம். மேலே படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

விளையாட்டு எங்கள் பழைய வீட்டில் நடக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் தென்னையும் மின்கம்பமும் சேர்ந்தே சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர நாலு வாரம் ஆனது. அந்த நாலு வாரமும் பொழுது சாய்ந்தால் தவளைச் சத்தம் மட்டும்தான். கொல்லையில், குளத்தில், வாய்க்காலில், எங்கே திரும்பினாலும். அது சட்டென்று அடங்கினால் பாட்டி கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். பாட்டி தலை தூக்கும் அந்த ஒரு நொடிதான் என் விளையாட்டு. ஒரு பெண், கரண்ட் இல்லாத வீடு, நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தில் பூட்டி வைத்த ஏதோ ஒன்று, கையில் அரிக்கேன் விளக்கு. பின்னணி இசை கிடையாது. முகத்துக்கு நேரே எதுவும் பாய்ந்து கத்தாது. தவளைகள் கத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் பத்திரம், அடங்கினால் அது பக்கத்தில் வந்துவிட்டது. இதை எங்கேயும் எழுதிச் சொல்வதில்லை, ஆடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருஷமாக இந்த ஒரு யோசனையை நினைத்து நினைத்துத் தனியாகப் புல்லரித்துக்கொண்டிருந்தேன்.

தனியாள் செய்கிற விளையாட்டுகளை ஏற்றும் இட்ச் தளத்தில் டெமோவை ஏற்றினேன். பத்து நாளில் இருபது கருத்து வந்தது. இரண்டு பேர் "இது வைரஸா" என்று கேட்டிருந்தார்கள். காசு கட்டிச் சான்றிதழ் வாங்காமல் கோப்பை ஏற்றினால் விண்டோஸ் அப்படித்தான் மிரட்டும். அது போகட்டும். ஒருவரை ஒருவர் அறியாத ஏழு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: குளத்தங்கரையில் பின்னணிச் சத்தம் கட் ஆகிறது, சரி செய்யவும்.

என் மூன்று வருஷப் புல்லரிப்பைப் பக், அதாவது நிரலில் உள்ள பிழை, என்றுவிட்டார்கள்.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி வைத்து ஆறாவது நாள். எந்த ஊர் நிலையம் என்று சொல்லப் போவதில்லை, திரும்பவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். நாங்கள் கொண்டு போன அன்று மீட்டரில் 16 சொச்சம். "சாக்கு இல்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்றார்கள். நாளைக்கு மழை. படுதா போட்டு மூடியும் அடியில் தண்ணீர் இறங்கி, அடுத்த தடவை மீட்டர் வைத்தபோது 19. "காய வச்சு எடுத்துட்டு வாங்க தம்பி." எங்கே காய வைப்பது, ரோட்டில்தான். காய வைத்து, திரும்ப அள்ளிக்கொண்டு போனால், எடை போடும்போது 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் தனியாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு சிரிப்பு. மாடு வாய் வைக்காமல் இருக்க ராத்திரி அந்த நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, கொசுக்கடியில், போன் வெளிச்சத்தில்தான் அந்த ஏழு கருத்தையும் படித்தேன். எல்லாம் முடிந்து பணமும் வந்துவிட்டது. வயிறு மட்டும் இன்னும் எரிகிறது, அதனால் எழுதிவிட்டேன்.

அந்த எரிச்சலில் ஒருவருக்குப் பதில் போட்டேன். "அது பக் இல்லை. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டு ஆடுங்கள்." இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. தான் ஆடியதைப் பதிவு செய்து ஒரு வீடியோ அனுப்பினார். "வேண்டுமென்றே செய்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு ஹெட்போன் ஒயர் கழன்ற மாதிரி இருந்தது" என்று ஒரு வரி. வீடியோவின் மூலையில் அவர் உருவமும் தெரிகிறது. குளத்தங்கரை வருகிறது, தவளைகள் அடங்குகின்றன, அவர் கையைத் தூக்கிக் காதுப் பக்கம் ஒயரை ஆட்டிப் பார்க்கிறார், குனிந்து கம்ப்யூட்டரில் சொருகிய இடத்தைப் பார்க்கிறார். திரையில் அவருக்குப் பின்னால் என் பேய் வந்து நிற்கிறது. மனிதர் ஒயரையே ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெளிநாட்டுக்காரருக்கு நம்ம ஊர்த் தவளை எங்கே தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்ம ஆள் ஒருத்தர் ஆடினால் நியாயம் புரியும் என்று பெரியப்பாவைப் பிடித்துக் கடையில் உட்கார வைத்தேன். ஐம்பது வருஷமாக ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறவர். மவுஸ் பிடித்ததில்லை என்பதால் நான் நடத்தினேன், அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழி சொன்னார். "படித்துறைப் பக்கம் போவாத, வழுக்கும்." பத்தாயத்தைப் பார்த்ததும், "மேல ஏறி என்னத்த எட்டிப் பாக்குற? கீழ வாய் இருக்கும் பாரு, அந்தப் பலகையத் தூக்கு" என்றார். மற்ற எல்லாரும் மேல் மூடியோடுதான் மல்லுக்கட்டியிருந்தார்கள். நெல் எடுக்க அடியில் ஒரு வாய் உண்டு என்பது பத்தாயம் பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு குறிப்பு வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டேன்.

குளத்தங்கரை வந்தது. தவளைகள் அடங்கின. நான் திரையைப் பார்க்கவில்லை, பெரியப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"என்னடா, கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல பெரியப்பா. தவளைங்க அடங்கிடுச்சு."

"எல்லாத் தவளையும் ஒண்ணா வாய மூடுமா? ஏன், ஹெட்மாஸ்டர் உள்ள வந்துட்டாரா?"

ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. "கிட்ட இருக்கறதுதான் மொதல்ல நிக்கும். அப்பறம் அதுக்கு அப்பால இருக்கறது. தூரத்துல உள்ளது கத்திக்கிட்டுத்தான் கிடக்கும், அதுக்கு என்ன தெரியும்? ஒரு பக்கமா அடங்கிட்டு வந்தா பாம்பு வருதுன்னு நாங்க கால எடுத்து வரப்பு மேல வச்சுக்குவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேய்க்கு நிக்குமான்னு தெரியல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சை அணைத்துவிட்டு வாய்க்கால் வரப்பில் நடந்து பார்த்தேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன் தவளை எப்படி அடங்கும் என்று பார்க்க இந்த வயதில் போகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சொன்னது அட்சரம் பிசகவில்லை. நாலடி தூரத்தில் இருப்பது முதலில் நிற்கிறது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் அதற்கு அப்பால் உள்ளது. என்னைச் சுற்றி ஒரு வட்டம் சத்தமில்லாமல் என்னோடு கூடவே நகர்ந்து வருகிறது, வட்டத்துக்கு வெளியே கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. அசையாமல் நின்றேன். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து எங்கோ ஒன்று மட்டும் துணிந்து 'க்ரக்' என்றது. பதில் இல்லை. திரும்ப ஒரு தடவை. அப்புறம் இன்னொன்று சேர்ந்துகொண்டது.

நான் டெமோவில் செய்திருந்தது என்ன தெரியுமா? பதினாலு விநாடி ஒலிப்பதிவு ஒன்றை ஊர் முழுக்கச் சுழல விட்டு, பேய் பதினைந்து மீட்டருக்குள் வந்ததும் ஒலியளவைப் பூஜ்யம் ஆக்கியிருந்தேன். ஒரே ஃபிரேமில், கண் இமைப்பதற்குள். அது ஒயர் கழன்ற சத்தம்தான், வேறு என்ன? ஏழு பேரும் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். காது கொடுக்காதவன் நான்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, குளத்தைச் சுற்றியும் வாய்க்காலிலும் முப்பது தவளைகளைத் தனித்தனியாக நட்டேன். கோடோவில் இதற்கு ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்3டி என்ற நோடு, அதாவது ஒலிக்கான ஒரு உறுப்பு, இருக்கிறது. எங்கே வைக்கிறோமோ அந்தத் திசையிலிருந்து, அந்தத் தூரத்துக்கு ஏற்ற மாதிரி காதில் கேட்கும். ஒவ்வொரு தவளையும் தனக்கும் பேய்க்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்த்துத் தானாக அடங்கும், தானாகத் தயங்கித் தயங்கித் தொடங்கும். நாலு ராத்திரி வேலை. ஓட்டிப் பார்த்தபோது நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. அமைதிக்குத் திசை வந்துவிட்டது. முதலில் இடது காது மட்டும் காலியாகிறது. வலது பக்கம் கத்திக்கொண்டே இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னந்தலைப் பக்கம் காலியாகிறது. செய்தவனே ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கடை லைட்டைப் போட்டேன்.

இதனால் எல்லாக் கருத்தையும் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஓடுவதற்கு வசதி வேண்டும் என்று ஒருவர் கேட்டார். மழை பெய்த கொல்லையில் யார் ஓடுவார்கள்? வைக்கவில்லை. துப்பாக்கி கேட்டவருக்குப் பதிலே போடவில்லை. "ஒரே இருட்டு" என்றவர்களுக்கு முணுமுணுத்துக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வைத்தேன், ஆனால் அதில் இன்றைக்கும் எனக்கு உடன்பாடு இல்லை, நாலு வாரம் அந்த இருட்டில் இருந்தவன் நான். நடக்கும்போது கேமரா குலுங்குவதால் தலை சுற்றுகிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள், அதை அன்றைக்கே அணைக்கும்படி செய்துவிட்டேன். வாந்தி வருகிறவரிடம் போய்க் கலை பேசிக்கொண்டிருக்க முடியாது. "இந்தக் காலத்திலும் பேய் காட்டி மூடநம்பிக்கை பரப்புகிறாயா" என்று நம்மவர் ஒருவர் எழுதியிருந்தார். பேய் இருக்கிறது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை ஐயா. தவளை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

உங்களுக்கு உருப்படியாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், ஆடி முடித்தவரிடம் "பயமா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள். நம்ம ஆட்கள் முகதாட்சண்யத்துக்கு "சூப்பர் ப்ரோ" என்பார்கள். "அந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு நெனச்சீங்க" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டிருந்தால் முதல் நாளே ஒயர் என்று பதில் வந்திருக்கும், நெல்லுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சண்டை போட்டிருக்க மாட்டேன். இன்னொன்று, விளையாட்டு விற்கிற ஸ்டீம் தளத்தில் போடும் எண்ணம் இருந்தால், அங்கே நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழாவுக்கு அவசரப்படாதீர்கள். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருஷத்துக்கு மூன்று தடவை நடக்கிறது, ஆனால் ஒரு விளையாட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் இடம். ஸ்டீமில் விளையாட்டைப் போட 100 டாலர் கட்டணம் கட்டி, ஒயர் கழன்ற டெமோவோடு நான் அங்கே போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது.

புது டெமோ ஏற்றி மூன்று வாரம் ஆகிறது. சத்தம் கட் ஆகிறது என்று யாரும் எழுதவில்லை. ஒயர் ஆட்டியவர் திரும்பவும் ஆடினார். இந்தத் தடவை பாதி வழியில் நின்று, மெதுவாக இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் நாலு பேர் கிணற்றடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாத் தவளையும் அடங்கின பிறகும் கிணற்றுக்குள் ஒன்று மட்டும் விடாமல் கத்துகிறதே, அதற்கு என்ன அர்த்தம், டெமோவிலேயே அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது என்று.

அது, அடங்கச் சொல்லும் ஸ்கிரிப்ட்டை நான் இணைக்க மறந்துபோன தவளை. நாலு பேருக்கும் இன்னும் பதில் போடவில்லை. பெரியப்பாவிடமும் காட்டவில்லை.