கச்சான் காலத்தில் கோப்பி புடிங் உறையுமா?

கோப்பியில் தோய்த்த பிஸ்கட், இடையில் கிரீம், மேலே கொக்கோ. இத்தாலியின் திராமிசுவை மாரி பிஸ்கட்டில் செய்துபார்த்த வாசகர்கள் கேட்டவை இவை. பாதிக் கேள்விகள், கச்சான் என்ற வறண்ட சூட்டுக்காற்று வீசும் திருகோணமலை வெக்கையால் வந்தவை.

பிஸ்கட் கூழாகிப் போகிறது. எவ்வளவு நேரம் தோய்ப்பது? (உவர்மலை)

இரண்டு செக்கன் போதும். இத்தாலியர் போடும் சவோயார்டி பிஸ்கட் தடிப்பானது, பஞ்சுபோன்றது. அதற்குச் சொன்ன நேரம் மாரிக்குச் சரிவராது. கோப்பி நன்றாக ஆறியிருக்கவேண்டும், சூடாக இருந்தால் கையிலேயே உடைந்துவிடும். தோய்த்த பிஸ்கட் ஒன்றை இரண்டாக உடைத்துப் பாருங்கள். இருபுறமும் கருத்து, நடுவில் மெல்லிய வெளிர்கோடு காய்ந்தபடி தெரிந்தால் அதுதான் பதம். மிச்ச ஈரத்தை இரவு முழுக்கக் கிரீமிலிருந்து அது இழுத்துக்கொள்ளும். 200 மில்லிலீட்டர் சுடுநீருக்கு இன்ஸ்டன்ட் கோப்பி 2 மேசைக்கரண்டி போடுங்கள். சீனி வேண்டாம், கிரீமின் இனிப்பே காணும்.

வீட்டில் வறுத்து இடித்த கோப்பித்தூள் சரிவருமா? (தம்பலகாமம்)

மல்லி, சுக்கு சேராத தூள் என்றால் தாராளமாக. துணியில் இரண்டுமுறை வடியுங்கள், மண்டி பல்லில் நறநறக்கும். மல்லி சேர்ந்த தூளை விட்டுவிடுங்கள். கிரீமில் மல்லி வாசம்தான் மேலோங்கும்.

மஸ்கார்போனே சீஸ் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பச்சை முட்டை போடவும் பயம். (உப்புவெளி)

பயம் நியாயமானது. பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்; பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் முட்டையே வேண்டாம்.

மஸ்கார்போனே என்பது கிரீமைச் சூடாக்கி, அமிலம் சேர்த்துத் தடிக்கவைத்து வடித்தெடுப்பது. எங்களிடம் அதற்கு ஈடாக எருமைத் தயிர் இருக்கிறது. எருமைப்பாலில் 7, 8 வீதம் கொழுப்பு உண்டு, பசுப்பாலில் ஏறக்குறைய அதில் பாதிதான். புளிக்காத சட்டித் தயிர் ஒரு கிலோவை வெள்ளைத் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, பிரிட்ஜுக்குள் ஓர் இரவு விடுங்கள். குசினியில் தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். பாதியளவாக வற்றியதும் 150 கிராம் ரின்பாலும் (கண்டென்ஸ்ட் மில்க்) ஒரு தேக்கரண்டி வனிலாவும் சேர்த்துக் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். மெஷினில் அடித்தால் இளகிவிடும். பட்டரும் ஐசிங் சீனியும் அடித்த கிரீமைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்: தயிரின் இலேசான புளிப்பு கோப்பிக் கசப்போடு அருமையாகச் சேரும்.

கோப்பி ஜெலி அடுக்கு வைத்தேன், மேசைக்கு வந்ததும் சரிந்தது. ஜெலட்டின் ஹலாலா என்ற சந்தேகமும் இருக்கிறது. (கிண்ணியா)

இரண்டுக்கும் நோன்புகாலத்தில் நீங்கள் காய்ச்சும் கடல்பாசியே விடை. அது கடற்தாவரத்திலிருந்து வருவது, ஜெலட்டின்போல விலங்கிலிருந்து அல்ல. ஜெலட்டின் 35 பாகைக்குக் கிட்டவே உருகத் தொடங்கும். கச்சான் வீசும் நாளில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு வந்துவிடும். உறைந்த கடல்பாசியோ 80 பாகை தாண்டித்தான் இளகும். 250 மில்லிலீட்டர் கோப்பியில் ஒரு மட்டத் தேக்கரண்டி கடல்பாசித் தூளைக் கரைத்து, இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். இந்த அடுக்குக்கு மட்டும் சீனி போடலாம். கிரீமின்மேல் சூடாக ஊற்றவேண்டாம், ஜெலியை அடியில் போடுங்கள். மேற்பரப்பு விரலில் ஒட்டும் பதத்தில் பிஸ்கட்டை அடுக்குங்கள். முழுதாக இறுகிவிட்டால் வெட்டும்போது அடுக்குகள் வழுக்கும்.

நிலாவெளிக் கடற்கரைக்கு எடுத்துப் போகலாமா?

ஐஸ் பெட்டியில் என்றால் போகலாம். வெளியே 32 பாகைக்கு மேல் இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். மிஞ்சியதைத் திரும்பக் குளிரவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

கொக்கோ எப்போது தூவுவது?

பரிமாறும்போது, அரிதட்டால். முதல்நாளே தூவினால் ஈரம் இழுத்துத் திட்டுத்திட்டாகிவிடும்.