சமாதானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. இந்த நான்கு வாரமாவது மன அமைதியோடு இருக்க ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன், முடிவதில்லை. வேலை விட்டு வந்தால் பாத்திமா மாதா கோவிலில் பாடல் பயிற்சி, வீட்டில் பலகார வேலை, கடைகளில் நவம்பரிலிருந்தே கிறிஸ்துமஸ் பாட்டு. கிள்ளானில் இருக்கும் தங்கையோடு பேச்சு நின்றதும் மனத்தை அரிக்கிறது. அமைதியாகச் செபிக்க ஒரு வழி சொல்லுங்கள். வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம் பிளாஸ்டிக்கில் வைக்கலாமா?

வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரி,

வளையம் பிளாஸ்டிக்கில் இருந்தால் என்ன, மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிற மெழுகுவர்த்தி கிடைக்காமல் நான்குமே ஊதாவாக இருந்தால்தான் என்ன? வையுங்கள். கடைப் பாட்டைப் பற்றியும் புலம்ப வேண்டாம். நம் கோவிலில் இந்த நான்கு ஞாயிறும் வானவர் கீதத்தைப் பாடாமல் கிறிஸ்துமஸ் இரவுக்கு எடுத்துவைக்கிறோம். அந்தப் பொறுமை கடைக்காரனுக்கும் இருக்கவேண்டும் என்று சட்டமா?

சில நாளாக என்னை ஒரு சொல் படுத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு பைபிள். அம்மா லூத்தரன் சபையில் வளர்ந்தவர். அவருடைய பழைய பைபிளில் பெத்லகேம் வானதூதர்கள் பாடுவது 'சமாதானம்'. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதுவே 'அமைதி'. நல்ல தமிழ் என்று பார்த்தால் அமைதிதான். ஆனால் அமைதியை ஒருவர் கதவைச் சாத்தி, ஏர்கண்டிஷனரைப் போட்டுக்கொண்டு தனியாகவே அடைந்துவிடலாம். சமாதானத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். 'சமாதானம் ஆகிவிட்டார்கள்' என்று இருவரைப் பற்றித்தானே சொல்கிறோம்? நீங்களோ பலகாரத்துக்கும் செபத்துக்கும் நடுவே கூடப்பிறந்தவளை ஓர் 'உம்'மில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள். 'பேச்சு நின்றதும்'! அந்த 'உம்' எனக்குக் கோபத்தையே தந்தது.

செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, இரண்டு ஆண்டு பேசாமல் இருந்தார்கள். காரணம் ஒரு மாடு. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அடுத்தடுத்து நிற்பார்கள், முகம் திரும்பாது. மழையால் பால்வெட்டு இல்லாத ஒரு டிசம்பர் காலை, அப்பா வாசலில் நட்சத்திரம் கட்ட உட்கார்ந்தார். மூங்கில் சிம்பில் இரண்டு நட்சத்திரம் செய்து, முனைகளைச் சைக்கிள் டியூப் கீற்றால் சேர்த்துக் கட்டி, நடுவை விரித்து ஐந்து குச்சிகளை முட்டுக்கொடுக்க வேண்டும். ஓர் ஆளால் ஆகிற வேலையில்லை. மூன்றாவது குச்சியில் எல்லாம் தெறித்துச் சிதறியது. மறுபடியும் அப்படியே. நான் பிடித்தேன், என் கைக்கு வலு போதவில்லை. தம் வாசலில் பீடியோடு பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு வந்தார். குந்தி உட்கார்ந்து விரித்துப் பிடித்தார். அப்பா நிமிராமலே, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். தவக்காலம் வருவதற்குள் மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டார்கள், அது கோழிக்காக.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் நேரே போகிறது, மாறி ஏற வேண்டியதில்லை. பலகாரத்தில் ஒரு டின் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கதவைத் திறக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், செபத்தைப் பற்றி அப்போது பேசலாம்.