கழக்கூட்டமா, கரமனையா: நீங்கள் குடியேறும் நாளில் வீடு உங்கள் கைக்கு வருமா?

கேள்வி: குழித்துறைக்கு அருகில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். பணி ஓய்வுக்கு இன்னும் 4 ஆண்டுகள் உள்ளன. மகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். மனைவிக்கு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொடர் சிகிச்சை நடக்கிறது. எனவே அந்த நகரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கி, ஓய்வு பெறும்வரை வாடகைக்கு விட்டுவிட்டு, பிறகு அங்கே குடியேற எண்ணுகிறோம். கழக்கூட்டம் அருகே 40 வீடுகள் கொண்ட, கட்டி முடியாத திட்டத்தில் ஒரு வீடு 65 லட்சம் ரூபாய். பதிவு செய்யாமல், முத்திரைத்தாளில் மட்டும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு 20 லட்சம் முன்பணம் தரச் சொல்கிறார்கள். கரமனையில் பழைய வீடு ஒன்று 48 லட்சம். உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருக்கிறார், அவருடைய அதிகாரப் பத்திரத்தை வைத்து அவர் தம்பி விற்கிறார், உள்ளே 6 ஆண்டுகளாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது? வாடகைக்காரர் கேட்டவுடன் காலி செய்வாரா?

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் கேட்டிருப்பது பகுதியைப் பற்றி. கடைசியில் கேட்டிருப்பது வாடகைக்காரரைப் பற்றி. நான் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வாடகைக்கு விட்டுப் பிறகு குடியேற நினைப்பவருக்கு எந்தப் பகுதி நல்லது என்பதை, அவர் குடியேறும் நாளில் வீடு காலியாகக் கைக்கு வருமா என்பதே தீர்மானிக்கிறது. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் வழக்காடி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லையைத் தாண்டி வீடு வாங்கும் நம் மக்கள் விலையையும் சாலையையும் நன்றாக விசாரிக்கிறார்கள், களியக்காவிளையைக் கடந்ததும் வாடகைச் சட்டமே வேறு என்பதை விசாரிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு அதில்தான் உள்ளது. திருவனந்தபுரத்துக்கு அது பொருந்தாது. அங்கே செல்லுபடியாவது 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 11ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் நிரூபித்தால் ஒழிய வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது. ‘11 மாத ஒப்பந்தம், முடிந்ததும் போய்விடுவார்’ என்று தரகர் சொல்வது அவருடைய நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் 11 மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. வெளியேற்றும் உரிமைக்கும் அந்த 11 மாதத்துக்கும் தொடர்பில்லை. ‘குத்தகை’ என்பதற்குப் பதிலாக ‘லைசென்ஸ்’ என்று தலைப்பிட்டு எழுதினாலும் பெரிய பயன் இல்லை. ஆவணத்தின் தலைப்பைப் பார்க்காமல், வீடு யாருடைய தனி அனுபவத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே நீதிமன்றம் முடிவு செய்யும் என்பது 1959 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் நிலைப்பாடு.

சொந்தத் தேவைக்காக வீட்டைக் கேட்பது 11(3) பிரிவில் அனுமதிக்கப்பட்ட காரணம்தான். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. தேவை உண்மையானதாக இருக்க வேண்டும். அது உங்களுடையதாகவோ உங்களைச் சார்ந்து வாழும் குடும்ப உறுப்பினருடையதாகவோ இருக்க வேண்டும். தானே சம்பாதிக்கும் மகளுக்காக வேண்டும் என்று மனு எழுதினால், ‘சார்ந்தவர்’ என்ற சொல்லிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். அதே நகரில் உங்கள் கைவசம் வேறொரு சொந்தக் கட்டடம் இருந்தால், சிறப்புக் காரணம் காட்டாமல் உத்தரவு கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கரமனை வீட்டை நேரடியாகத் தொடும் நிபந்தனை ஒன்று இருக்கிறது: வாடகைக்காரர் இருக்கும் வீட்டைக் கிரயமாக வாங்கியவர், அந்தக் கிரய நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை சொந்தத் தேவைக்கான மனுவையே தாக்கல் செய்ய முடியாது. ஓராண்டுக்குப் பின் மனு, அதன்மேல் மேல்முறையீடு, பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என்று அது நீளும் வழியை நான் பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன். உத்தரவு கிடைத்து வீட்டைப் பெற்ற பிறகும், தக்க காரணமின்றி ஒரு மாதத்துக்குள் நீங்கள் குடியேறாவிட்டாலோ, குடியேறிய பின் 6 மாதத்துக்குள் காலி செய்துவிட்டாலோ, பழைய வாடகைக்காரர் மீண்டும் உள்ளே வர மனுச் செய்யலாம்.

இதை உங்கள் இரண்டு பகுதிகளின் மேல் வைத்துப் பாருங்கள். கழக்கூட்டத்தில் வாடகைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கையும் அதைச் சுற்றி வளர்ந்த நிறுவனங்களையும் நம்பி வரும் இளைஞர்கள்; வேலை மாறினால் ஊரே மாறிவிடுவார்கள். கரமனை, வலியசாலை, சாலை பஜார் பக்கமோ தலைமுறைகளாக ஊன்றிய குடும்பங்களின் இடம்; தமிழ் பேசும் தெருக்களும் அக்கிரகாரங்களும் அங்கே இன்றும் உண்டு. குடும்பமாக வந்து, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்ட வாடகைக்காரர் எளிதில் நகர மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆக, வாடகைக்கு விடுவதற்குக் கழக்கூட்டம் இலகு. வாழ்வதற்கு, குழித்துறையிலிருந்து நேராக வரும் சாலையின் முகப்பில் இருக்கும் கரமனை உங்களுக்குப் பொருத்தம். மருத்துவக் கல்லூரி இரண்டு இடத்துக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வாடகை 4 ஆண்டுக்கு, வாழ்க்கை அதற்குப் பிறகு முழுவதுக்கும் என்பதால், என் சாய்வு கரமனைப் பக்கம். ஆனால் இப்போது உங்களிடம் சொல்லப்பட்ட விதத்தில் அந்த வீட்டை வாங்கக் கூடாது. அதை எப்படி வாங்குவது என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் கழக்கூட்டத் திட்டத்தைப் பற்றி. நீங்கள் அனுப்பியுள்ள நகல்களில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. மனையின் வகை என்ற இடத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருக்கிறது. தமிழ் படிப்பவருக்கு அதில் ஐயம் எழாது. நிலம் என்றால் நமக்கு எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல் விளையும் வயல். வீடு கட்டத்தக்க மேட்டு மனைக்குப் ‘புரயிடம்’ என்று பெயர். 2008ஆம் ஆண்டின் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வயலை நிரப்பிக் கட்டுவதற்குத் தடை உள்ளது. அந்த மனை நெல்வயல் தரவு வங்கிப் பட்டியலில் இருக்கிறதா, இருந்திருந்தால் முறைப்படி நீக்கப்பட்டதா, வகை மாற்றத்துக்கு அதிகாரம் உள்ள வருவாய் அதிகாரி பிறப்பித்த உத்தரவு இருக்கிறதா, அதன்படி கிராம அலுவலகத்தின் அடிப்படை வரிப் பதிவேடு திருத்தப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த உத்தரவு இல்லாமல் வேறு எந்தத் தாள் இருந்தாலும் எனக்கு நிறைவு வராது.

இது காகிதக் குறை மட்டும் அன்று. தண்ணீருக்குப் பதிவேடு தேவையில்லை, அது பழைய வயலைத் தானே கண்டுகொள்ளும். 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு பெருகி டெக்னோபார்க்கைச் சுற்றிய தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எனவே மனையைப் பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். துலாம் மாத மழை பெய்த மறுநாள் காலையில் போய், கீழ்த்தள வாகன நிறுத்தத்தையும் எதிர்க் கடைக்காரரையும் விசாரியுங்கள். கரமனையிலும் ஆற்றையொட்டிய தெருக்களுக்கு இதே சோதனை பொருந்தும். ஆக்குளம், வேளி ஏரிக் கரைப் பக்கம் யாராவது மலிவாகக் காட்டினால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொச்சியை அடுத்த மரடு உங்களுக்கு நினைவிருக்கும்: அந்த விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2020 ஜனவரியில் 4 குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே வாங்கியிருந்தவர்களிடமும் பதிவான பத்திரமும் வரி கட்டிய ரசீதும் இருந்தன. பலரிடம் வங்கிக் கடனும் இருந்தது. ‘வங்கியே கடன் தருகிறது, பிறகென்ன பயம்’ என்ற பேச்சை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

முன்பண விஷயத்தில் தயங்க எதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 65 லட்சத்துக்கு அது ஆறரை லட்சம். அவர்கள் கேட்பதோ 20 லட்சம். மனை 500 சதுர மீட்டருக்கு மேலும் வீடுகள் 8க்கு மேலும் உள்ள திட்டம் கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம். எண்ணைக் கேட்டு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும், சொன்ன நாளில் வீடு தராவிட்டால் வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதும், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும் என்பதும் இதே சட்டம் தரும் பாதுகாப்புகள். சட்டத்தை மதித்து ஒப்பந்தத்தைப் பதிய மறுக்கிறவர், வீட்டை ஒப்படைக்கும்போது மட்டும் மதிப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். கட்டி முடியாத வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும், பழைய வீட்டுக்கு அது இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கரமனை வீடு. கேரளத்தில் கிரயத்துக்குப் பொதுவாக 8 சதவீதம் முத்திரைத்தீர்வையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் ஆகும். 48 லட்சத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் தனியே வைத்திருங்கள். தாள்களின் பெயர்களில் குழம்ப வேண்டாம்: அங்கே ‘ஆதாரம்’ என்றால் பத்திரம், ‘முன்னாதாரம்’ என்றால் நம் மூலப்பத்திரம், ‘கரம்’ என்றால் நிலவரி, ‘போக்குவரவு’ என்றால் பெயர் மாற்றம். விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை நம் குடும்பப் பத்திரங்களும் மலையாளத்தில் எழுதப்பட்டவைதான் என்பதால், உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கு இவை பழகிய சொற்களாகவே இருக்கும். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, முன்னாதாரங்கள், கட்டடம் நிற்கும் மனையில் இந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு, நடப்பாண்டுக் கரம் கட்டிய ரசீது, மாநகராட்சியின் குடியேற்றச் சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். மாநகராட்சி வரி ரசீதில் டி.சி. எண் எனப்படும் வீட்டு எண்ணோடு ‘யு.ஏ.’ என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால், அது அனுமதியில்லாத கட்டுமானம் என்பதற்கான அடையாளம். அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளையும் பராமரிப்புக் கட்டண பாக்கியையும் மறக்காமல் பாருங்கள். வாடகைக்கு விடுவதற்குச் சங்கம் வைத்திருக்கும் விதிமுறைகள் அதில்தான் இருக்கும்.

தம்பியிடம் உள்ள அதிகாரப் பத்திரம் விற்பதற்கான அதிகாரத்தை வெளிப்படையாகத் தருகிறதா, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றதா, கேரளத்துக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குமேல், அண்ணனோடு நீங்களே காணொளியில் பேசி, அதிகாரம் இன்றும் ரத்தாகவில்லை என்று அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் பெறுங்கள். அதிகாரப் பத்திரத்தையே கிரயம்போல் எழுதி வாங்கிக்கொள்ளும் யோசனை வந்தால் ஏற்காதீர்கள். அதனால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இன்னொரு பொறியும் இருக்கிறது. 50 லட்சத்துக்குக் குறைந்தால் வரி பிடிக்க வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இந்தியாவில் வசிப்பவர் விற்கும்போது. வருமான வரிச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுபவர் விற்றால், தொகை எவ்வளவானாலும் வாங்குபவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். தவறினால் துறை உங்களைத்தான் தேடி வரும். குறைந்த விகிதத்தில் பிடிக்கும் சான்றை விற்பவர் துறையிடம் பெற்றுத் தரட்டும். ஒரு பட்டயக் கணக்காளரை இப்போதே கலந்துகொள்ளுங்கள்.

வாடகைக்காரர் விஷயத்தில் என் ஆலோசனை இது. அவரை வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். விற்பவர், நீங்கள், வாடகைக்காரர் மூவரும் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தத்தில், எந்த நாளில் காலி செய்கிறார், அவருடைய முன்பணத்தை யார் எப்போது திருப்பித் தருகிறார் என்பதை எழுதுங்கள். வீட்டை ஒப்படைத்துவிட்டதாக அவர் எழுதித் தந்து, நீங்கள் உள்ளே போய்ப் பார்த்துச் சாவியை வாங்கிய பிறகே கிரயம் பதிவாகட்டும். பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேட்டால் கொடுங்கள். பிள்ளைகள் படிப்பு நடுவில் முறிவதும் தவறு, 2 மாதம் தாமதமாவதால் உங்களுக்கு இழப்பும் இல்லை. காலி செய்ய மாட்டேன் என்று அவர் சொன்னால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்த வீட்டை விட்டுவிட்டு அதே பகுதியில் வேறு வீடு பாருங்கள்.

அதன்பின் 4 ஆண்டு வாடகைக்கு விடும்போது, குடும்பமாக நிலைக்க வருபவரைவிட, மருத்துவமனைகளில் பயிற்சிக்கோ மாற்றலிலோ குறித்த காலத்துக்கு வருபவர் உங்களுக்குப் பொருத்தம். நீங்கள் குறிக்கும் காலம் முடிவதற்கு முன் நீங்களும் மனுச் செய்ய முடியாது என்பதால், நீண்ட காலம் எழுத வேண்டாம். ஓய்வுக்குப் பின் நீங்களும் மனைவியும் குடியேறவே இந்த வீட்டை வாங்கியிருக்கிறீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அது மட்டும் வெளியேற்றும் உரிமை தராது. ஆனால் தேவை உண்மையானது என்று பிற்பாடு காட்ட உதவும்.

முதல் வேலையாகக் கரமனை வீட்டின் முன்னாதாரங்களையும் வில்லங்கச் சான்றையும், கழக்கூட்ட மனையின் வகைமாற்ற உத்தரவு என்று அவர்கள் காட்டும் தாளையும் அனுப்பிவையுங்கள். அவற்றைப் படித்துப் பதில் எழுதும்வரை, இரண்டு இடத்திலும் டோக்கன் என்ற பெயரில்கூடப் பணம் கொடுக்காதீர்கள்.